ஒரு மணி பத்து நிமிசம்

ஏனம்மிணி, அந்தப் பலகைல நம்ம வண்டிக்கு நேரா செவப்பா என்னமோ எழுதியிருக்குதே, அதச் சித்தெ படிச்சுச் சொல்லேன். கண்ணாடியப் பெட்டிக்குள்ள வெச்சுட்டேன், பெட்டிய அவிங்க வாங்கி உள்ள தள்ளிட்டாங்க. என்னது? ஒரு மணி நேரம் லேட்டா? சரி, உக்காரு. நீ எதுக்கு இதுக்குப் போயி இப்படிச் சலிச்சுக்கற? ஒரு மணி நேரந்தானே. இதே ஏர்போர்ட்டுல, இதே மாதிரி நாற்காலில, என்ற தங்கச்சி ஒருக்கா எட்டு மணி நேரம் உக்காந்திருந்தா. அன்னைக்கு நான் சந்தோசப்பட்ட மாதிரி என்ற கல்யாணத்தன்னைக்குக்கூடச் சந்தோசப்படல.

அப்படிப் பாக்காத. சொல்றேன் கேளு. நேரந்தான் கெடக்குதே.

கோயமுத்தூருக்கும் மெட்ராசுக்கும் வானத்துல ஒரு மணி பத்து நிமிசம். ரோட்டுல ஐநூறு கிலோமீட்டரு, நிக்காமப் போனா எட்டு மணி நேரம். இந்தக் கணக்கு என்னையாட்டம் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா அந்த ஒரு மணி பத்து நிமிசத்த நம்பாத அம்மிணி. ஊட்ல இருந்து இங்க வரோணுமா? ரெண்டு மணி நேரம் முன்னால வரோணும்கறாங்க. அப்பறம் வரிசைல நில்லு, வாட்சக் கழட்டு, கையத் தூக்கு. அங்க எறங்கிப் பெட்டிக்கு நிக்கோணும், டாக்சிக்கு நிக்கோணும். எல்லாத்தையுஞ் சேத்தா அஞ்சு மணி நேரம். அப்ப வித்தியாசம் என்ன? மூணே மணி நேரம். இத நான் பூங்கொடிகிட்ட எத்தனையோ தடவ சொல்லிப் பாத்துட்டேன். "ஆமாக்கா, நீ சொல்றது சரிதான்"ம்பா. சொல்லிட்டு அடுத்த வாரமும் ப்ளைட்லதான் போவா. அவ எப்பவும் அப்படித்தான். எதுத்துப் பேச மாட்டா. எதுத்துப் பேசுனாத்தானே நமக்கும் ரெண்டு வார்த்தை சொல்ல முடியும்?

பூங்கொடி எனக்கு ஏழு வருசம் எளையவ. பேங்க் ஆபீசரு. அவ ஊட்டுக்காரரு எக்ஸ்போர்ட் வேலைல மாசத்துல பாதி நாள் வெளிநாடு. எங்கூட்டுக்காரருக்குக் கணபதில ஒரு லேத்துப் பட்டறை. எங்களுக்குக் குழந்தை இல்லீங்கறத நான் தனியாச் சொல்லோணுமா? சொல்லியாச்சு, போ.

பூங்கொடிக்கு ஒரு பொண்ணு. மிருதுளா. மிருதுன்னு கூப்புடுவோம். அந்தப் புள்ளைக்குப் பதினோரு மாசம் ஆறப்ப இவளுக்கு மெட்ராசுக்கு மாத்தல் வந்துருச்சு. என்ன பண்ணுவான்னு நெனைக்கற? வேலைய உடுவாளா? கொண்டாந்து என்ற மடில போட்டுட்டா. "ஒரு வருசம் பாத்துக்கக்கா"ன்னா. ஒரு வருசம் ஆறு வருசமாச்சு. பாலு மறக்கடிச்சது நானு. பல்லு மொளச்சப்ப மூணு நாள் காய்ச்சலுக்கு மடியிலயே வெச்சுட்டு இருந்தது நானு. பாலர் பள்ளில கொண்டுபோயி உட்டப்ப, அவ உள்ள அழுவறா, நான் கேட்டுக்கு வெளிய நின்னு அழுவறேன். டீச்சரம்மா வந்து எனக்குத்தான் மொதல்ல தண்ணி குடுத்தாங்க.

பூங்கொடி ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வருவா. மொதல்ல ரயில்ல வந்துட்டிருந்தா. அப்பறம் ப்ளைட்டு. சனிக்கிழமை காலைல வந்து ஞாயித்துக்கெழமை சாய்ங்காலம் போயிருவா. வர்றப்ப நல்ல சேலை, தோள்ல ஒரு பை, அதுல சாக்லேட்டு. நான் பதிமூணு நாளு சோறு ஊட்டுனதுக்கு இல்லாத மரியாதை அந்தச் சாக்லேட்டுக்கு.

எங்கூடு சின்னியம்பாளையத்துல. இங்கிருந்து எட்டற தூரம். எறங்கற ப்ளைட்டெல்லாம் எங்க மொட்டமாடிக்கு மேலதான் போவும். ஒருக்கா மிருதுவ இடுப்புல வெச்சுட்டுப் பருப்புச் சாதம் ஊட்டிட்டிருக்கேன், மேல ஒண்ணு போவுது. எங்கூட்டுக்காரரு சும்மா இருக்காம, "அதா பாரு, அதுல உங்கம்மா வர்றா"ன்னு சொல்லிட்டாரு. அவ்வளவுதான். அன்னைல இருந்து எந்தப் ப்ளைட்டு போனாலும் அம்மா. கையக் கையக் காட்டும். ஒரு நாளைக்குப் பத்து, பன்னெண்டு அம்மா. ஊட்டறவ இங்க நிக்கறா, அது வாயத் தெறந்துட்டு வானத்தப் பாக்குது. அந்தச் சாக்குல ரெண்டு வாய் கூடுதலாப் போவும்னு எங்கூட்டுக்காரரு சிரிப்பாரு. எனக்குச் சிரிப்பு வரல.

ரெண்டாங்கிளாஸ் முடிச்சப்ப பூங்கொடிக்கு இங்கயே மாத்தல் கெடச்சுது. சாய்பாபா காலனில ஊடு பாத்துப் புள்ளையக் கூட்டிட்டுப் போயிட்டா. போறன்னைக்கு மிருது அழுவும், சேலையப் புடிச்சுட்டு வர மாட்டேங்கும், அப்ப இவ என்ன பண்ணுவான்னு பாக்கலாம்னு இருந்தேன். அழுவல அம்மிணி. தனி ரூமு, ஜன்னல் பக்கத்துல கட்டில்னு என்னென்னமோ சொல்லி வெச்சிருந்தா. குதிச்சுட்டே கார்ல ஏறிருச்சு. பின்னாடிக் கண்ணாடி வழியா டாட்டா காட்டுச்சு. நான் உள்ள போயி அதோட தட்டக் கழுவி வெச்சேன். வேற என்ன பண்றது?

சரி. இப்ப அந்த நாளுக்கு வர்றேன்.

மிருது மெட்ராசுல கட்டடக் கலை படிச்சா. அஞ்சு வருசப் படிப்பு. கூடப் படிக்கற புள்ளைக்கூட ரூம் எடுத்துத் தங்கியிருந்தா. போன வருசம் ஐப்பசி மாசம், ஒரு நாள் காலைல ஆறே கால் மணிக்கு பூங்கொடி போன் பண்றா. "அக்கா, மிருதுக்கு ராத்திரில இருந்து வயித்து வலியாம். ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க. குடல்வாலாம். இன்னைக்கே ஆபரேசன் பண்ணோணும்கறாங்க. அவரு ஊர்ல இல்ல. நான் எட்டே முக்கா ப்ளைட்ல போறேன்." 

"நானும் வர்றேன்"னேன்.

"ஒரே ஒரு சீட்டுத்தான்க்கா இருந்துச்சு. நீ கவலப்படாத. போய்ச் சேந்ததும் போன் பண்றேன்"னா.

ஒரே சீட்டு! நீ படிச்ச புள்ள, நீயே சொல்லு. அத்தாப் பெரிய வண்டில ஒரே ஒரு சீட்டுத்தான் இருந்துச்சாமா? நான் நம்பல. இப்பவும் நம்பல. எங்கூட்டுக்காரர எழுப்புனேன். "காரை எடுங்க, மெட்ராசுக்குப் போறோம்"னேன். பாதித் தூக்கத்துல, "அதான் பூங்கொடி போறாளே"ன்னாரு. நான் பாத்த பார்வைல எந்திரிச்சுட்டாரு.

ஆறே முக்காலுக்குக் கெளம்பி அவிநாசி ரோட்டுக்கு வந்துட்டோம். ஏர்போர்ட் பின்னால கொஞ்சந்தூரத்துலதான் இருக்குது. எங்கூட்டுக்காரரு மெதுவாக் கேக்கறாரு: "ஏம்புள்ள, பூங்கொடியையுங் கூட்டிட்டுப் போயிரலாமா? தனியாப் போறா. பயந்துட்டே போவா." 

"அவதான் பறக்கறாளே. நீங்க மிதிங்க"ன்னேன்.

எனக்குத் தெரியும், ஜெயிக்க முடியாதுன்னு. அவ பத்து மணிக்கு எறங்கிப் பதினொரு மணிக்கெல்லாம் புள்ளைகிட்டப் போயிருவா. நாங்க சேர்றப்ப மூணாயிரும். எல்லாந் தெரியும். இருந்தாலும் பெருந்துறை தாண்டுறப்ப மணி பாக்கறேன், பவானி தாண்டுறப்ப மணி பாக்கறேன். சேலம் கிட்டப் போறப்ப ஒம்பதேகால். அப்ப அவ ப்ளைட்டு கெளம்பி அரை மணி நேரம் ஆயிருக்கோணும். கார் ஜன்னல் வழியா வானத்தப் பாத்தேன். எனக்கு அம்பது வயசு தாண்டியாச்சு, புத்தி எப்படிப் போச்சு பாத்துக்க.

அப்ப போன் அடிக்குது. பூங்கொடி. 

"அக்கா, ப்ளைட்டு இன்னுங் கெளம்பலக்கா. எஞ்சின்ல என்னமோ கோளாறாம். பத்தரைங்கறாங்க."

அம்மிணி, நான் உங்கிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்குது? நீ யாரோ, நான் யாரோ. எங்கூட்டுக்காரரு "அய்யய்யோ"ங்கறாரு. நானும் "அய்யய்யோ"ங்கறேன். நாங்க கார்ல போயிட்டிருக்கறத அப்பத்தான் அவளுக்குச் சொன்னேன். உள்ளுக்குள்ள எனக்குத் தேர் ஓடுது.

ஆத்தூர்ல மறுபடி போன். பன்னெண்டு மணிங்கறாங்களாம். அழுவறா. "நானும் உங்ககூடக் கார்லயே வந்திருக்கலாம்க்கா. எங்க இருக்கற இப்ப?" நான் எங்கிருக்கேன்னு நல்லாத் தெளிவாச் சொன்னேன். ஆத்தூரு தாண்டிட்டோம், கள்ளக்குறிச்சி வரப் போவுதுன்னு, ஒவ்வொரு ஊராச் சொன்னேன். அதுக்கப்பறம் எங்கூட்டுக்காரர நிறுத்தவே உடல. அவருக்குச் சக்கரை. நேரத்துக்குச் சாப்பிடோணும். உளுந்தூர்பேட்டைல, "ரெண்டு இட்லி தின்னுட்டுப் போலாம் புள்ள"ன்னாரு. "புள்ள அங்க துடிச்சுட்டுக் கெடக்குது, உங்களுக்கு இட்லி கேக்குதா?"ன்னேன். விழுப்புரம் தாண்டி அவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு. பைல கெடந்த கல்கோனா மிட்டாய வாய்ல போட்டு உட்டேன். நல்ல மனுசன். பத்து நிமிசத்துல சரியாயிட்டாரு. அவரு மட்டும் அன்னைக்கு அப்படி ஓட்டலைன்னா நான் மொதல்ல போயிருக்க முடியாது.

செங்கல்பட்டுல மூணாவது போன். நாலு மணிங்கறாங்களாம். "டாக்டரு மூணே முக்காலுக்குத் தியேட்டருக்குக் கொண்டு போறோம்னு சொல்லிட்டாருக்கா. என்னால சேர முடியாது. நீ போனதும் எனக்குக் கூப்புடு. அவ உள்ள போறதுக்கு முன்னால ஒரு வார்த்தை பேசிக்கறேன். மறந்துராதக்கா." 

"மறப்பேனா?"ன்னேன்.

மூணு மணிக்கு ஆஸ்பத்திரி. எங்கூட்டுக்காரரு வண்டிய நிறுத்த எடந்தேடிப் போனாரு. நான் ஓடுனேன். ரெண்டாவது மாடி. கட்டில்ல கெடக்குது புள்ள, மொகமெல்லாம் வெளுத்து, கைல ஊசி குத்தி. அந்தக் கூடத் தங்கியிருக்கற புள்ள பக்கத்துல உக்காந்திருந்துச்சு. என்னையப் பாத்ததும் மிருது "பெரீம்மா"ன்னா. அதுல ஒரு கொறையும் சொல்ல முடியாது. ஆசையாத்தான் கூப்புட்டா. கூப்புட்டுட்டு என்ற தோளுக்குப் பின்னால பாத்தா. கதவப் பாத்தா. "அம்மா?"

ஐநூறு கிலோமீட்டரு அம்மிணி. ஒரு வாய்த் தண்ணி குடிக்காம. அவ என்ற பின்னால பாக்கறா.

நர்சு ஒரு காயிதத்தோட வந்தாங்க. ஊட்டு ஆளு கையெழுத்துப் போடோணுமாம். "நீங்க பேசன்டோட அம்மாவா?"ன்னு கேட்டாங்க. நான் ஒண்ணும் யோசிக்கல. யோசிச்சிருந்தா மாத்திச் சொல்லியிருப்பேனோ என்னமோ. "ஆமா"ன்னேன். உறவுன்னு எழுதியிருந்த எடத்துல "தாய்"னு எழுதி, பக்கத்துல தங்கமணின்னு கையெழுத்துப் போட்டேன். என்ற பேரு தங்கமணி. சொல்லவே இல்லியே நானு. அந்த ரெண்டு வார்த்தையும் ஒண்ணாப் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு. பாத்துட்டே நின்னேன். நர்சு காயிதத்தை உருவிட்டுப் போச்சு.

அந்தக் கூட்டாளிப் புள்ளைய எதுக்கோ மருந்துக் கடைக்கு அனுப்பிட்டாங்க. நானும் மிருதுவும் மட்டுந்தான். அவ என்ற கையப் புடிச்சுட்டு, "பெரீம்மா, பயமா இருக்குது. அம்மாகிட்ட ஒருக்காப் பேசோணும். என்ற போன்ல சார்ஜ் இல்ல. உங்க போனக் குடுங்க"ன்னா.

போனு என்ற கைப்பைக்குள்ள இருக்குது. அப்பவே அது உள்ள கெடந்து நடுங்குது. ஆஸ்பத்திரிக்குள்ள வந்ததும் சத்தத்த நிறுத்தி வெச்சிருந்தேன். அவதான் கூப்புடறான்னு எனக்குத் தெரியும். இங்க, இந்த நாற்காலில உக்காந்துட்டுக் கூப்புடறா. 

"அம்மா ப்ளைட்ல இருக்கறா சாமி. மேல பறந்துட்டிருக்கா. இப்பப் பேச முடியாது"ன்னேன்.

"எப்ப எறங்குவாங்க?"

"நீ முடிஞ்சு வெளிய வர்றப்ப வந்திருவா."

புள்ள மேல, கூரையப் பாத்துச்சு. கண்ணோரத்துல இருந்து தண்ணி வழிஞ்சு காதுக்குள்ள போச்சு. நான்தான் தொடச்சு உட்டேன். "நான் இருக்கேனில்ல?"ன்னேன். தலைய ஆட்டுச்சு. தள்ளிட்டுப் போறப்ப அந்தக் கதவு வரைக்கும் என்ற கைய உடல. அது நெசம். அத ஒருத்தரும் மாத்த முடியாது. கதவு மூடுனதுக்கப்பறம் பையத் தெறந்து பாத்தா ஏழு தடவ கூப்புட்டிருக்கா.

என்னைய அப்படிப் பாக்காத அம்மிணி. ஆறு வருசம் வளத்துனவளுக்கு ஒரு கால் மணி நேரம் கெடையாதா? ஒரே ஒரு கால் மணி நேரம், அந்தப் புள்ளைக்கு என்னைய உட்டா வேற ஒருத்தரும் இல்லீங்கற மாதிரி? அதுதான் கேட்டேன். யாருகிட்டயும் கேக்கல, நானே எடுத்துக்கிட்டேன்.

ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சுது. அதுல ஒண்ணும் கொறையில்ல. ஆறே காலுக்குப் பூங்கொடி வந்தா. ஓடி வந்திருக்கா. முடியெல்லாம் கலஞ்சு, பெட்டி ஒரு சக்கரம் போயி இழுபட்டுட்டு வருது. வந்ததும் என்னையக் கட்டிப் புடிச்சுட்டு அழுதா. "நீ இருந்தியேக்கா, நீ இருந்தியேக்கா"ன்னே சொல்றா. ஏன் போன எடுக்கலைன்னு ஒரு வார்த்தை கேக்கல. நானே, "சத்தத்த நிறுத்தி வெச்சிருந்தேன்"னேன். "பரவால்லக்கா"ன்னா. 

அப்ப நர்சு வெளிய எட்டிப் பாத்து, "மிருதுளா அம்மா யாரு? வாங்க, முழிச்சிருச்சு"ன்னாங்க. நானும் எந்திரிச்சேன், அவளும் எந்திரிச்சா. நர்சு என்னையப் பாத்து, "வாங்கம்மா"ங்குது. காயிதத்துல நாந்தானே? பூங்கொடிக்கு மொதல்ல புரியல. அப்பறம் புரிஞ்சிருச்சு. எங்க ரெண்டு பேரு மொகத்தையும் பாத்தா. பாத்துட்டு உக்காந்துட்டா. "நீ போயிட்டு வாக்கா. நான் அப்பறம் பாக்கறேன்"னா.

எங்கூட்டுக்காரரு தலையக் குனிஞ்சுட்டாரு. நான் போனேன். போகாம என்ன பண்றது? மிருது முழுசாத் தெளியல. நெத்தியத் தடவி உட்டேன். அஞ்சு நிமிசம். அப்பறம் நானே வெளிய வந்து அவள உள்ள அனுப்பி, பின்னாலயே போயி கட்டில் கால்மாட்டுல நின்னுக்கிட்டேன்.

அப்பத்தான் அது நடந்துச்சு. புள்ள கண்ணத் தெறந்து அவளப் பாத்துச்சு. சிரிச்சுச்சு. நாக்குக் கொழறுது. "அம்மா, நான் உள்ள போறப்ப நீ மேல பறந்துட்டிருந்தியாமா. பெரீம்மா சொன்னாங்க. உங்கிட்டப் பேசோணும்னேன், ப்ளைட்ல பேச முடியாதுன்னுட்டாங்க"ன்னுச்சு.

பூங்கொடி திரும்பி என்னையப் பாத்தா. அவ மூணே முக்காலுக்கு எங்க இருந்தான்னு அவளுக்குத் தெரியும். ஏழு தடவ கூப்புட்டதும் தெரியும். சொல்லப் போறா, சொல்லட்டும்னு நின்னேன். ஆமா, நெசமாத்தான் சொல்றேன், சொல்லட்டும்னுதான் இருந்துச்சு. சொல்லிட்டா நானும் எல்லாத்தையும் கொட்டிருவேன்ல?

அவ திரும்பிப் புள்ள தலையத் தடவுனா. "ஆமா தங்கம். அப்ப மேலதான் இருந்தேன். மேகத்துக்குள்ள இருந்தேன். உன்னையவே நெனச்சுட்டு இருந்தேன்"னா.

அவ்வளவுதான் சொன்னா.

ஒரு பொய்யி. என்ற பொய்ய அவ வாங்கி அவ பொய்யா ஆக்கிட்டா. அதுலயும் மேகம் கீகம்னு எப்படி அழகாச் சொல்றா பாரு. நான் சொன்னப்ப புள்ள அழுதுச்சு. அவ சொன்னப்ப அதே பொய்க்குப் புள்ள சிரிக்குது. ரோட்டுல போனாலுஞ் சரி, வானத்துல போனாலுஞ் சரி, எங்க போயும் நான் பின்னாலதான் அம்மிணி.

ஊருக்கு வந்து இத்தன மாசமா அவகிட்ட ஒழுங்காப் பேசல. அவ போன் பண்ணுவா, நான் ரெண்டு வார்த்தைல முடிச்சுருவேன். தப்புப் பண்ணுனவ நானு. பேசாம இருக்கறவளும் நானு. எங்கூட்டுக்காரரு, "நீ ஒருக்கா மன்னிப்புக் கேட்டுட்டா என்ன?"ன்னாரு. அவருக்கு ரெண்டு நாள் உப்பில்லாம சமச்சுப் போட்டேன்.

போன வாரம் அவளே ஊட்டுக்கு வந்தா. மிருது படிப்பு முடிஞ்சு பட்டம் வாங்கறா, நாளைக்கு. அதுக்குத்தான் நான் இப்பப் போறேன். பூங்கொடியும் அவ ஊட்டுக்காரரும் நேத்தே போயிட்டாங்க. போன வாரம் ஊட்டுக்கு வந்தப்ப என்ற ப்ளைட்டு டிக்கெட்டக் காயிதத்துல எடுத்துட்டு வந்து குடுத்தா. எங்கூட்டுக்காரரு பட்டறைல ஆர்டரு, வர முடியாதுன்னுட்டாரு. டிக்கெட்டோட ஒரு அட்டையும் வெச்சா. "இது பட்டம் குடுக்கற மண்டபத்துக்குள்ள போறதுக்குப் பாஸ். ஒரு புள்ளைக்கு ரெண்டு பாஸ்தான் குடுப்பாங்களாம். ஒண்ணு மிருது அப்பாவுக்கு. இன்னொண்ணு உனக்கு"ன்னா.

"அப்ப நீயி?"ன்னேன்.

"நான் வெளிய நின்னுக்கறேன். அங்க திரை கட்டிக் காட்டுவாங்களாம்."

எனக்கு வந்துச்சு பாரு கோவம். "ஏண்டி, நீ மனுசியா? நான் உனக்கு அன்னைக்கு என்ன பண்ணுனேன்னு உனக்குத் தெரியும். புள்ளைகிட்டப் பேச உடாமப் பண்ணுனேன். தாய்னு எழுதிக் குடுத்தேன். ஒரு நாளாவது என்னைய நல்லா நாலு வார்த்தை வஞ்சிருக்கலாம்ல? வஞ்சுட்டுப் போயேண்டி. பாஸ் குடுக்கறாளாமா பாஸு!"ன்னு கத்திட்டேன்.

அவ சேலைத் தலப்பக் கைல சுத்திட்டே உக்காந்திருந்தா. அப்பறம் சொன்னா: "எட்டு மணி நேரம் அங்க உக்காந்திருந்தேன்க்கா. மொத ரெண்டு மணி நேரம் புள்ளைய நெனச்சு அழுதேன். அப்பறம் நீ ஒவ்வொரு ஊராச் சொல்லச் சொல்ல, எனக்கு உம்மேல எரிஞ்சுச்சு. உன்ற கார் டயரு வெடிச்சு நின்னரோணும்னுகூட நெனச்சேன். மாமா ஓட்டறாருன்னு தெரிஞ்சும் நெனச்சேன்." 



"அன்னைக்கு மட்டும் இல்ல"ங்கறா. "மிருது உங்கிட்ட இருந்தப்ப, சனிக்கிழமை வந்து தூக்கப் போனா வர மாட்டா. உன்ற கழுத்தக் கட்டிக்குவா. ஞாயித்துக்கெழமை மத்தியானந்தான் எங்கிட்டச் சிரிக்க ஆரம்பிப்பா, நான் கெளம்பற நேரம் வந்துரும். அந்த ஒரு மணி பத்து நிமிசமும் அழுதுட்டே போவேன். பக்கத்துல இருக்கறவங்க தண்ணி குடுப்பாங்க. உன்னைய நெனச்சா அவ்வளவு பொறாமையா இருக்கும்க்கா. அவள உட்டுட்டுப் போறதுக்கு உன்னையத் தவிர எனக்கு வேற ஆளும் இல்ல, அதனால சொல்லவும் முடியல."

எம்மேல! எம்மேல பொறாமையாம் அம்மிணி!

நான் என்ன பண்ணியிருக்கோணும்? அவளக் கட்டிப் புடிச்சுட்டு அழுதிருக்கோணும். நல்லவளா இருந்தா அதத்தான் பண்ணியிருப்பா. நான் எந்திரிச்சுப் போயி காப்பி போட்டேன். அடுப்புக்கு முன்னால நின்னு சிரிக்கறேன். சத்தமில்லாம, தனியா, பாலு பொங்கி வழியறது தெரியாம. இருவது வருசமா ப்ளைட்லயும் சாக்லேட்லயும் வந்து எறங்குனவ, எம்மேல பொறாமைப்பட்டு அழுதுட்டே போயிருக்கா! அன்னைக்குத் தூங்குன மாதிரி நான் எந்த நாளும் தூங்கல. அவளுக்கும் நல்லாத்தான் இருந்திருக்கும்னு நெனைக்கறேன். காப்பியக் குடிச்சுட்டுப் போறப்ப வாசல்ல என்ற தோள்ல சாஞ்சுக்கிட்டா. சின்னதுல அப்படித்தான் சாய்வா. எனக்கு மறந்தே போச்சு அது.

என்னது, கூப்புடறாங்களா? நம்ம வண்டியா? இரு, எந்திரிக்கறேன். அந்தப் பைய மட்டும் சித்தெ புடி. பாத்து அம்மிணி, சேலை இருக்குது அதுல, நாளைக்குக் கட்டறதுக்கு. அரக்குப் பட்டு. மொத வரிசைல உக்காரோணுமாம், எல்லாரும் பாப்பாங்க.

அந்தப் பாஸு அந்தப் பைலதான் இருக்குது. நாலா மடிச்சு வெச்சிருக்கேன். அத வாங்குனப்ப நான் வேண்டாம்னு சொல்லல. அவதானே பெத்தவ, அவதானே அங்க உக்காரோணும்? "நீ போடி, நான் வெளிய நின்னுக்கறேன்"னு ஒரு பேச்சுக்குச் சொல்லியிருக்கலாம்ல? ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லல அம்மிணி. வெடுக்குனு வாங்கிக்கிட்டேன்.